அறுபதுக்குமேற் கற்ற நீதிபதி

நீதிபதிகளின் சரிதங்கள் பெரும்பாலும் சுவை குன்றியவை. பிறந்தார், கற்றார், வழக்குரைத்தார், ஆசனத்தமர்ந்தார், ஓய்வு பெற்றார் என ஐந்து வினைமுற்றுக்களுள் அவை அடங்கிவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த தென் கரோலைனா மாநிலத்திலே சமஷ்டி நீதிபதியாக விளங்கிய யூலியஸ் வேற்றீஸ் வேறிங் என்பாரின் சரிதமும் அவருடைய 61 ஆம் வயதுவரை அத்தகையதே. அதன்பின் அவர் ஆசனத்திலிருந்தது பத்தாண்டு. அப்பத்தாண்டினுள் அவர் தம் உற்றாரை இழந்தார், ஊரை இழந்தார், தம் நாட்டுப் பாடசாலைகளின் வரலாற்றையே திருப்பிவிட்ட ஒரு தீர்ப்பையும் எழுதினார். அத்தீர்ப்பு அவ்வழக்கிலே தோற்ற தீர்ப்பு என்பது குறிப்பிடத்தக்கது.

சமஷ்டி என்னுஞ் சொல் நம் நாட்டு அரசியல் மேடைகளிலே பெரிதும் அடிபட்ட சொல். ஆயினும் சமஷ்டி ஆட்சியில் நீதிமன்றங்கள் எவ்வாறமையும் என்பதுபற்றி நாம் அத்துணை பேசியதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. அவற்றின் நீதிபதிகளைப் பல மாநிலங்களில் வாக்காளரே தெரிவு செய்வர். தென் கரோலைனாவிலோ சட்டசபை தெரிவு செய்யும். நாட்டின் பொது அரசியலமைப்பின்கீழ் எழும் வழக்குகளை விசாரித்தற்கு வேறாகச் சமஷ்டி நீதிமன்றங்கள் உள. அவற்றின் நீதிபதிகளைச் சனாதிபதி பெயர் குறிக்க, செனற் சபை உடன்படல் வேண்டும். ஒருமுறை அமர்த்தப்பட்டவர் நன்னடத்தையுடையராயிருக்கும்வரை ஆயுள் முழுதும் பதவி வகிக்கலாம். அவருடைய சம்பளத்தைக் குறைத்தலும் ஆகாது. நாட்டுக் காங்கிரசு குற்றஞ் சாட்டி விசாரித்து நீக்கினாலன்றி அவரை அசைத்தற்கு ஒருவராலும் இயலாது. ஊர் முழுவதும் பகைத்த ஒரு நீதிபதி எவ்வாறு ஆசனத்தில் நிலைத்திருந்தார் என்பதை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேற்பாட்டை மனத்திலிருத்தல் வேண்டும்.

வேறிங் 1880 ஆம் ஆண்டு யூலை மாதம் 27 ஆந் திகதி சாள்ஸ்ரன் என்னுந் துறைமுக நகரிலே பிறந்தார். அந்நகரிற் குடியேறிய தம் குலத்தில் அவர் எட்டாந் தலைமுறையினர். 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற் குண்டு வெடித்தது அந்நகரத்துத் துறைமுகத்திலேதான். அடிமைமுறையைக் காத்தற்கெனப் பிரிந்து நின்ற தென்னாட்டுப் படையிலே அவருடைய தந்தையார் போர்புரிந்தவர். குடிப்பிறப்பு உயர்ந்ததாயினும் பொருள்வளம் போதாது. சாள்ஸ்ரன் கல்லூரியிலே 1900 இல் வகுப்பில் இரண்டாமவராகத் தேறிய வேறிங், சட்டக் கல்லூரிக்குச் செல்ல வசதியின்றி, வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்திலிருந்தே சட்டம் பயின்று 1902 இல் வழக்கறிஞரானார். 1913 இல் அன்னி கமெல் என்னும் உள்ளூர்ப் பெண்மணியை மணந்தார். 1914 முதல் 1921 வரை அரசாங்கத் துணை வழக்கறிஞராகவும், 1933 முதல் நகரசபையின் சட்ட ஆலோசகராகவும் கடமையாற்றினார். வெள்ளையர் மேலாண்மையைத் தம் அரசியலின் உயிர்நாடியாகக் கொண்ட செனற்றர் ஸ்மித் என்பாருக்காக 1938 தேர்தலில் உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். அச்செனற்றரின் ஆதரவும் சேர்ந்தே இவரை நீதிபதியாக்கிற்று. 1941 டிசெம்பரிலே சனாதிபதி றூஸ்வெல்ற் இவர் பெயரைக் குறித்தார்; 1942 சனவரியிற் பதவியேற்றார். இந்நியமனத்தாற் கறுப்பின மக்களுக்கு ஏதேனும் நன்மை விளையும் என அன்று எவரும் எண்ணியிரார்.

அக்காலத்துத் தென் கரோலைனாவின் மக்கட்டொகையில் ஐந்தில் இரு பகுதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களுக்கு வேறு பாடசாலை, பஸ்வண்டியிலே வேறிடம், நீதிமன்றத்திலும் வேறு வாங்கு. இவ்வாறு பிரித்து வைத்தல் சட்டத்துக்கு மாறானதன்று என 1896 இலே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. பிரிக்கலாம், ஆனாற் பிரிக்கப்பட்ட இரண்டும் சமமாயிருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன் முற்பகுதியைத் தென்னாட்டார் நூலிழையும் பிசகாது கைக்கொண்டனர். பிற்பகுதியை மறந்தனர்.

வேறிங்கின் முன் வந்த முதற் பெரிய வழக்கு ஆசிரியர்களைப் பற்றியது. சாள்ஸ்ரனிலே ஒரே தகைமையும் ஒரே கடமையுமுடைய வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம், கறுப்பின ஆசிரியருக்கு அதனிற் குறைந்த ஒரு சம்பளம். வயோலா டுவால் என்னும் இளம் ஆசிரியை இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவருக்காகத் தோன்றியவர், பிற்காலத்தில் உயர் நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசராக விளங்கிய தேர்குட் மார்ஷல். தென்னாட்டு நீதிபதிகளிடம் அவமதிப்பையே எதிர்பார்த்துப் பழகிய மார்ஷல், இந்நீதிபதி சட்டத்தை உள்ளவாறே நோக்குவதைக் கண்டு வியந்தார். 1944 இலே சாள்ஸ்ரனிலும், 1945 இலே தலைநகராகிய கொலம்பியாவிலும், சமசம்பளம் வழங்கவேண்டும் என்னுங் கட்டளை பிறந்தது. மாநில அரசு சும்மாயிருக்கவில்லை. ஆசிரியர்க்கு ஒரு பரீட்சையை ஏற்படுத்தி, அதன் புள்ளிகளைக் கொண்டு சம்பளத்தை வகுக்கத் தொடங்கிற்று. நிறத்தின் பெயரால் இயலாததைப் பரீட்சையின் பெயராற் செய்தற்கு வழி தேடிய இச்சாமர்த்தியத்தை ஆசிரியத் தொழிலிலுள்ளோர் நன்கு உணர்வர்.

இவ்வாண்டுகளிலேதான் அவருடைய இல்லறமும் குலைந்தது. முப்பதாண்டுக்கு மேலாக உடன் வாழ்ந்த அன்னியை 1945 இல் நீங்கி, வடநாட்டவராகிய எலிசபெத் என்னும் மாதை அவ்வாண்டே மணந்தார். எலிசபெத் முன்னரும் இருமுறை மணந்து நீங்கியவர். விவாகரத்துக்கு இடமே கொடாத சட்டம் அக்காலத் தென் கரோலைனாவில் நிலவிற்று. அன்னி புளோரிடா மாநிலஞ் சென்றே அதனைப் பெறவேண்டியிருந்தது. சாள்ஸ்ரனின் உயர்குடியினர் புதுத் தம்பதிகளுக்குக் கதவடைத்தனர். முதல் மனைவிக்கு அவர் இழைத்தது கொடுமையே என்பதை நாமும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரார் தம்மை ஒதுக்கியதற்குப் பழிவாங்கவே அவர் கறுப்பின மக்களின் பக்கஞ் சாய்ந்தார் எனப் பகைவர் பின்னர்ப் பரப்பிய கதை ஆண்டுக் கணக்கின்முன் நில்லாது. ஆசிரியர் வழக்கு 1944 இல் முடிந்தது. மணமுறிவு 1945 இல் நிகழ்ந்தது. ஊரார் ஒதுக்கியமையால் இழப்பதற்கு அவரிடம் வேறொன்றும் எஞ்சவில்லை என்று வேண்டுமானாற் கூறலாம்.

அவரை உள்ளூற மாற்றிய வழக்கு 1946 இல் வந்தது. ஐசக் வூட்டாட் என்பவர் இரண்டாம் உலகப் போரிற் பணிபுரிந்த கறுப்பினச் சார்ஜன்ற். 1946 பெப்ரவரி 12 ஆந் திகதி படையினின்றும் நற்சான்றுடன் விடுபெற்று, சீருடை களையாமலே, மனைவியைக் காணப் பஸ்ஸில் ஏறினார். வழியிலே இறங்கி மலசலகூடஞ் செல்ல அனுமதி கேட்டமையாற் சாரதிக்கும் அவருக்கும் வாய்த்தர்க்கம் மூண்டது. பேற்ஸ்பேக் என்னும் சிற்றூரில் வண்டி நின்றதும் சாரதி பொலிசாரை அழைத்தான். அவ்வூர்ப் பொலிஸ் தலைவன் லின்வூட் ஷல் வூட்டாட்டைக் குண்டாந்தடியால் அடித்து இரு கண்களையும் போக்கினான். நான்காண்டுப் போரில் உலகத்தைச் சுற்றி ஊறின்றி மீண்ட அந்நாட்டுப் போர்வீரர் பலருள், இவர் தம் வீட்டை அடையுமுன் தம் சொந்த மாநிலத்திலே குருடரானார்.

நாடெங்கும் எழுந்த கூக்குரலாற் சமஷ்டி அரசாங்கம் ஷல்மீது வழக்குத் தொடுத்தது. நவம்பர் மாதம் கொலம்பியாவிலே வேறிங் முன் அது விசாரணைக்கு வந்தது. யூரர் அனைவரும் வெள்ளையர். அரசாங்க வழக்கறிஞரோ வேண்டிய சாட்சிகளைத் தேடித் தொகுக்கவுமில்லை, ஊக்கத்துடன் வாதிக்கவுமில்லை. யூரர் ஆலோசிக்கச் சென்றபோது, அவர்கள் உடனே திரும்பி வந்து நீதியை நகைப்புக்கிடமாக்குவர் என அஞ்சிய வேறிங், தாம் உலாவச் செல்வதாகக் கூறி வெளியேறினார். நீதிபதி இல்லாதவிடத்துத் தீர்ப்பைச் சொல்லல் இயலாதாகையால், இருபது நிமிடமேனும் அவர்கள் இருந்து யோசிக்கட்டும் என்பது அவர் கருத்து. 28 ஆவது நிமிடத்திலே ஷல் குற்றவாளியல்லன் என்ற தீர்ப்பு வந்தது. மன்றிலிருந்த வெள்ளையர் ஆரவாரித்தனர். விசாரணையைக் காண வந்திருந்த எலிசபெத் கண்ணீருடன் வெளியேறினார்.

அன்று சட்டம் தன் கருமத்தைக் குறைவறச் செய்தது. குற்றப்பத்திரம் முறையானது, யூரர் தெரிவு முறையானது, நீதிபதி நடத்திய விசாரணையும் முறையானது. அவை யாவும் சேர்ந்து பிறப்பித்தது அநீதி. சொந்த மகனைத் தேர்க்காலிலிட்ட சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நீதி வழுவுதல் என்றால் அரசன் ஒருவன் தவறுதல் என்றே தோன்றும். இங்கே தவறிய தனி ஒருவரைச் சுட்டிக் காட்டல் எளிதன்று. வேறிங்கை உறுத்தியது இதுவே. தாம் பிறந்து வளர்ந்த ஊரைப்பற்றித் தாம் அறியாதது எத்துணை என்பதை அறிய விரும்பி, அவரும் மனைவியாரும் நூல்களை எடுத்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் மிர்டால் அமெரிக்க இனப் பிரச்சினைபற்றி எழுதிய பெருநூலையும், தென்னாட்டு மனப்பான்மையை ஆராய்ந்த காஷ் என்பாரின் நூலையும் இருவரும் மாலைதோறும் படித்தனர். அப்போது அவருக்கு வயது 66. அவ்வயதிலே நம்மிற் பலர் முன் படித்தவற்றை நினைவுகூர்ந்து மகிழ்வதோடு அமைவோம். வேறிங் தாம் முன் படித்தவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தார். நீதிமன்றத்திலே இனத்தைப் பிரித்து இருத்தும் வழக்கத்தை ஒழித்தார். ஜோன் பிளெமிங் என்னும் கறுப்பினத்தவரை மன்றச் சேவகராக நியமித்தார்.

1947 யூலை 12 ஆந் திகதி ஒரே நாளில் இரு தீர்ப்புக்கள் வெளிவந்தன. ஒன்று சட்டக் கல்விபற்றியது. கறுப்பின மாணவர்க்கு ஒத்த சட்டக் கல்லூரி அமைக்க வேண்டும், அல்லது அவர்களை உள்ள கல்லூரியிற் சேர்க்க வேண்டும், இரண்டும் இன்றேல் உள்ள கல்லூரியையும் மூடவேண்டும் என்றார். மற்றையது பெரிது. தென் கரோலைனாவிலே சனநாயகக் கட்சியின் வேட்பாளரே எப்போதும் வெல்வாராதலால், அக்கட்சி வேட்பாளரைத் தெரியும் முதனிலைத் தேர்தலே உண்மைத் தேர்தலாயிருந்தது. அதிற் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. இத்தகைய தடை செல்லாதென 1944 இலே உயர் நீதிமன்றம் விதித்ததும், மாநிலச் சட்டசபை அவசரமாகக் கூடி, முதனிலைத் தேர்தல்பற்றிய சட்டங்கள் யாவற்றையும் நீக்கிவிட்டது. சட்டமே இல்லையெனின், கட்சி ஒரு தனியார் கழகம். கழகம் தான் விரும்பியவரையே சேர்க்கலாம் என்பது வாதம். ஜோர்ஜ் எல்மோர் என்னுஞ் சிறு வணிகர் தொடுத்த வழக்கிலே வேறிங் இவ்வாதத்தைத் தள்ளி, தென் கரோலைனா ஐக்கிய நாடுகளோடு மீண்டும் வந்து சேரவேண்டிய காலம் வந்துவிட்டது என்று எழுதினார். உள்நாட்டுப் போரிற் பிரிந்து சென்ற மாநிலத்துக்கு இது சுருக்கென்று தைத்தது. கட்சியார் பின்னும் விட்டாரல்லர்; இனப்பிரிவினையை ஆதரிப்பதாகச் சத்தியஞ் செய்பவரே வாக்களிக்கலாம் என்றனர். 1948 இலே அதனையும் அவர் தடுத்து, கட்டளையை மீறுவோர் சிறை செல்வர் என எச்சரித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் வாக்களித்தனர். எல்மோரின் கதை வேறு. அவருக்குச் சரக்குக் கொடுப்பாரில்லை, கடை போயிற்று, வறுமையுற்று மாண்டார்.

நீதிபதிமீது ஊர் கொண்ட சினத்துக்கு எல்லையில்லை. அவரைப் பதவி நீக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். அவரும் மனைவியாரும் மாநிலத்தை விட்டகலத் திரும்பாப் பயணச் சீட்டு வாங்கிக் கொடுக்கலாம் எனச் சட்டசபையிலே தீர்மானம் வந்தது. 1950 இலே எலிசபெத் கறுப்பினப் பெண்கள் சங்கமொன்றிற் பேசித் தென்னாட்டு வெள்ளையரை நோயாளர் என வருணித்தமை எரியும் நெருப்பில் நெய்யாயிற்று. பேச்சு தேவைக்கு மிஞ்சிய காரமுடையதென்றே நமக்குப் படுகின்றது. அவ்வாண்டில் அவர்கள் வீட்டு முன்றிலிற் சிலுவை கொளுத்தப்பட்டது. யன்னலூடே கற்கள் பாய்ந்தன. இடையே நகைப்புக்கும் இடமுண்டு. அவர்களுடைய கடற்கரை வீட்டுக்கு அயல்வீட்டில் ஒருமுறை இடி விழுந்தது. அவ்வீட்டுக்காரர், ஆண்டவனே, அவர் இருப்பது அடுத்த வீட்டில் என்னும் கருத்துடைய பலகையொன்றை நாட்டிவிட்டாராம்.

சாள்ஸ்ரனுக்கு வடக்கே கிளாரென்டன் என்னும் பருத்தி விளையும் மாவட்டம் உளது. 1949-50 ஆண்டில் அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளையின் கல்விக்கு 179 டொலர் செலவாயிற்று. ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டொலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்வண்டிகள், மற்றையோர்க்கு ஒன்றுமில்லை. ஜோசப் டிலேன் என்னும் போதகரும் ஆசிரியருமாகிய ஒருவர் பெற்றோரைத் திரட்டினார். முதலிற் கேட்டது ஒரே ஒரு பஸ். அதனைக் கேட்டு வழக்காடிய லீவை பியர்சன் என்னும் கமக்காரரின் வழக்கு, அவர் நிலவரி செலுத்துவது வேறு வட்டாரத்துக்கு என்ற நுட்பத்தாலே தள்ளப்பட்டது; அவருக்குக் கடன் கொடுப்பார் இலராயினர். பின்னர் இருபது பெற்றோர் சேர்ந்து வழக்கிட்டனர். முதற்பெயர் ஹரி பிறிக்ஸ் என்பது. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த அவரையும், விடுதியொன்றில் வேலை செய்த அவர் மனைவியாரையும் வேலையினின்று நீக்கினர். போதகரின் வீடு எரிந்தது.

அவ்வழக்கு பாடசாலைகளைச் சமப்படுத்தக் கோரியதேயன்றிப் பிரிவினையை நேரே எதிர்க்கவில்லை. 1950 நவம்பரிலே முன்விசாரணைக்கு வந்த மார்ஷலிடம், வேறிங் அதனை மீட்டுக்கொண்டு பிரிவினையே சட்டவிரோதம் என நேரே வழக்கிடுமாறு குறிப்பித்தார். மார்ஷல் தயங்கினார், காலம் இன்னுங் கனியவில்லை, தோற்றால் அனைத்தும் பாழாம் என அஞ்சினார். நீதிபதியின் கணக்கு வேறு. மாநிலச் சட்டத்தையே செல்லாதெனக் கோரும் வழக்கை மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தல் வேண்டும். அதன் மேன்முறையீடு இடைமன்றங்களைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றஞ் செல்லும். மற்றை இருவரும் எதிராகவே தீர்ப்பர் என்பது அவருக்குத் தெரியும். தோற்கும் வழியிலே சென்றாலே விரைவில் உச்சியை அடையலாம் என அவர் கண்டார்.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். துலாக்கோல் ஒரு தட்டுக்குப் புத்தி புகட்டலாமா என்று நம்மவர் கேட்பாராயின் அக்கேள்வி நியாயமானதே. அக்காலத்திற் கறுப்பின நண்பர்களுடன் தம் மேசையிலிருந்து உண்டு, மேடைகளிற் பேசிய வேறிங்கை முற்றும் நொதுமலர் எனக் கூறல் அரிது. அவருக்காகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: மறைவில் அவர் ஏதுஞ் செய்திலர். தம் கருத்தை அவர் ஒருபோதும் ஒளித்தவருமல்லர். ஆயினும் வேறொரு நீதிபதி வேறொரு பக்கத்துக்கு இதனைச் செய்திருப்பின் நாம் பொறுப்போமா என்னும் ஐயம் எமக்கு முற்றும் நீங்கவில்லை.

1951 மே மாதம் 28 ஆந் திகதி சாள்ஸ்ரன் நீதிமன்றத்திலே விசாரணை தொடங்கிற்று. விடிவதற்குமுன்பே வந்து காத்திருந்த கறுப்பின மக்கள் மாடிப்படிகளிலும் நெருங்கி நின்றனர். ஆரம்பத்திலேயே மாநிலத்தின் வழக்கறிஞர் எழுந்து, பாடசாலைகள் சமமானவையல்ல, இனிமேற் சமமாக்குவோம் என ஒப்புக்கொண்டு, வழக்கின் வேரை அறுக்க முயன்றார். ஆளுநர் பேண்ஸ் புதிய விற்பனை வரி விதித்து, ஏழரைக் கோடி டொலரிற் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டிருந்தார். மார்ஷல் விட்டாரல்லர். உளநூல் வல்லுநர் கெனத் கிளாக் கிளாரென்டன் பிள்ளைகள் பதினாறு பேருக்கு வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி வினவியதைச் சாட்சியாகக் கூறினார். அவர்களிற் பத்துப்பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினர்; பதினொருவர் கறுப்புப் பொம்மையே தீயதாகத் தோன்றுகிறது என்றனர். அப்பிள்ளைகளின் நிறமும் கறுப்பே.

யூன் 23 ஆந் திகதி தீர்ப்பு வந்தது. பாக்கர், ரிமெர்மன் என்னும் இருவரும் கட்டடங்களைச் சமப்படுத்துமாறு கட்டளையிட்டு, பிரிவினை சட்டத்துக்கு அமைந்ததே என்றனர். 1947 இலே தேர்தல் வழக்கின் மேன்முறையீட்டில் வேறிங்கின் தீர்ப்பை உறுதி செய்து எழுதியவரும் இதே பாக்கரே. வேறிங் இருபது பக்கத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். அச்சுறுத்தலுக்கிடையே மன்றேறிய பெற்றோரின் துணிவைப் பாராட்டினார். கடைசி நேரத்தில் மாநிலம் செய்த ஒப்புதல் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் உபாயம் என்றார். இனத்தை இரத்த அளவாற் பகுக்கும் கணக்குக்களின் பேதைமையை எடுத்துக்காட்டினார். இளம்பிள்ளையின் உள்ளத்திற் பதியும் தாழ்வு பின்னர் எந்தக் கட்டடத்தாலும் நீங்காதென்றார். பிரித்தலே சமமின்மை என்பது அவர் முடிபு. 1896 இன் பின்னர், பாடசாலைப் பிரிவினையை அடியோடு மறுத்து ஒரு சமஷ்டி நீதிபதி இத்துணை வெளிப்படையாக எழுதியது இதுவே.

1952 பெப்ரவரியிலே, பத்தாண்டுச் சேவை நிறைந்ததும், அவர் ஓய்வு பெற்று மனைவியாருடன் நியூயோர்க் சென்றார். 1954 மே 17 இலே உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாகப் பாடசாலைப் பிரிவினை செல்லாதெனத் தீர்த்தனர். ஒருங்கு சேர்க்கப்பட்ட ஐந்து வழக்குகளுட் கிளாரென்டன் வழக்கும் ஒன்று. சாள்ஸ்ரனில் ஒருவர் தனித்து எழுதியதை வாஷிங்ரனில் ஒன்பதின்மர் எழுதினர். அன்றிரவு வேறிங் இல்லத்திலே நண்பர் கூடி மகிழ்ந்தனர். எனினும் வழக்கு கிளாரென்டனுக்கு மீண்டபோது, அரசியலமைப்பு பிரித்தலைத் தடுக்கிறதேயன்றிச் சேர்த்தலை விதிக்கவில்லை என்று 1955 இலே பாக்கர் மன்று பொருள் கூறிற்று. தென்னாட்டார் அதனைப் பற்றிக்கொண்டு பல்லாண்டு தாழ்த்தினர். அவ்வாண்டே டிலேன் போதகரின் தேவாலயம் எரிந்தது. அவர் இரவோடிரவாக மாநிலத்தை விட்டோடினார்.

வேறிங் 1968 சனவரி 11 ஆந் திகதி நியூயோர்க்கிலே தம் 87 ஆம் வயதிற் காலமானார். உடல் சாள்ஸ்ரனுக்குக் கொண்டுவரப்பட்டு மக்னோலியா மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. கறுப்பின மக்கள் ஏறத்தாழ இருநூறு பேர் ஊர்வலமாக வந்தனர்; வெள்ளையர் ஒரு பன்னிருவர் அளவே. எலிசபெத்தும் அவ்வாண்டு முடியுமுன் இறந்தார். 2015 இலே சாள்ஸ்ரனிலுள்ள சமஷ்டி நீதிமன்றக் கட்டடத்துக்கு வேறிங்கின் பெயர் சூட்டப்பட்டது. அதுவரை அக்கட்டடம் முன்னாட் செனற்றர் ஏர்ணெஸ்ற் ஹொலிங்ஸின் பெயர் தாங்கியிருந்தது. தம் பெயரை அகற்றி வேறிங்கின் பெயரை இடுமாறு வேண்டியவர் ஹொலிங்ஸே. கட்டடம் இருப்பது மீற்றிங் தெருவில். கல்லெறிபட்ட வீடும் அதே தெருவிலே, சிறிது தூரத்திலேயே உளது.